டேபிள் ஃபேன் வைத்தும் அணைகிறதா? எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

திருச்சியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். 3 வருடங்களுக்கு முன் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர், அதன் பெட்டியோடு வந்த சின்ன கூலர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, '500 வாட்' என்று போட்ட எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட். மூன்று மாதத்துக்கு முன் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி மாட்டியிருக்கிறார். கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்பு வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்றுதான் இருந்தது. மற்றொன்றுக்கு மோலக்ஸ் (பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் 4 பின் இணைப்பு) அடாப்டர் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து கேம் ஆரம்பித்துப் பத்து, இருபது நிமிடத்தில் கணினி பட்டென்று அணைகிறது. சில சமயம் தானாகவே எழுந்துகொள்கிறது. சில சமயம் பவர் கார்டைப் பிடுங்கி மறுபடி சொருகினால்தான் உயிர் வருகிறது. 600 விஏ யுபிஎஸ்ஸில் போட்டால் யுபிஎஸ் கத்திவிட்டு மானிட்டரோடு சேர்ந்து படுத்துவிடுகிறது. பிராசஸர் 84 டிகிரி, கார்டு 80 டிகிரி காட்டுவதைப் பார்த்து சூடுதான் காரணம் என்று இரண்டு ஃபேன் வாங்கி கேபினட்டின் மேல்பக்கம் பொருத்தியிருக்கிறார். பக்கவாட்டுக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனும் வைத்துப் பார்த்துவிட்டார். சூடு 8 டிகிரி குறைந்தது, அணைவது குறையவில்லை. கடைக்காரர் லிக்விட் கூலர் போடச் சொல்கிறார், 9,000 ரூபாய். விண்டோஸ் பதிவில் 'கெர்னல் பவர் 41' வருகிறது. கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் எகிறும் என்று அப்பா தடுக்கிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

தம்பி, முதலில் அந்த 9,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சூடு 8 டிகிரி இறங்கியும் அணைவது ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை என்றால், அணைப்பது சூடு கிடையாது. டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்தது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். அதுதான் நீங்கள் செய்த நல்ல சோதனை. அதன் முடிவைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

சூடு எப்படிக் கொல்லும், மின்சாரம் எப்படிக் கொல்லும்

சூடு மெதுவாக வரும், சொல்லிக்கொண்டு வரும். 5600எக்ஸின் எல்லை 95 டிகிரி. அதை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் திக்கும், ஃபிரேம் விழும், ஃபேன் அலறும். அதையும் மீறிக் கூலர் கழன்றுபோன மாதிரி நிலைமை வந்தால்தான் உயிரைக் காக்க முழுதாக அணைக்கும். அப்படி அணைந்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது சில மதர்போர்டுகள் பிராசஸர் அதிகம் சூடானதாகத் திரையிலேயே எழுதிக்காட்டும். 3070 கார்டுக்கு எல்லை 93 டிகிரி. 83-ஐ ஒட்டியே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடும். மே மாதத்துத் திருச்சியில், 37 டிகிரி அறையில், பெட்டியோடு வந்த கூலரில் 84 டிகிரி என்பது அழகான எண் இல்லைதான். ஆனால் ஆபத்தான எண்ணும் இல்லை.

மின்சாரக் குறை அப்படி முன்னறிவிப்பு தராது. ஃபிரேம் குறையாமல், சத்தம் மாறாமல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்த மாதிரி போகும். வெடிப்புக் காட்சியிலோ, லோடிங் முடிந்து ஆட்டம் தொடங்கும் நொடியிலோ போனால் சந்தேகம் இன்னும் உறுதி. கார்டு அப்போதுதான் ஒரே தாவலில் முழு மின்சாரத்தையும் கேட்கிறது.

பவர் கார்டைப் பிடுங்கினால்தான் எழுகிறது என்றீர்களே, அது பெரிய துப்பு. அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொள்ளும். சுவர் மின்சாரம் அறுபட்டு உள்ளே இருக்கும் மிச்சமும் வடிந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும். பிராசஸர் சூட்டில் அணைந்த கணினிக்கு வழக்கமாக இந்தப் பிடுங்கும் சடங்கு தேவைப்படாது.

'41' பற்றி ஒரு திருத்தம். எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்பதற்கான சான்று என்று யூடியூபில் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு அவ்வளவு அறிவு கிடையாது. 'போன முறை என்னை ஒழுங்காக மூடவில்லை' என்ற விண்டோஸின் புலம்பல், அவ்வளவே. அந்தப் பதிவைத் திறந்து விவரங்கள் பகுதியில் பக்செக் கோட் என்ன என்று பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைக்கவில்லை. வேறு எண் இருந்தால் அது நீலத்திரைப் பிழை. ராம், டிரைவர் பக்கம் தேட வேண்டும். அதே நேரத்தில் 'வீயா லாகர் 18' என்ற வன்பொருள் பிழையும் பதிவாகியிருந்தால் பிராசஸரையோ ராம் வேகத்தையோ யாராவது பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) கூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

500 வாட் எங்கே போனது?

நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். +12 வோல்ட் வரிசையில் 28 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்குங்கள்: 12 × 28 = 336 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். 3.3 வோல்ட், 5 வோல்ட் வரிசைகளை எல்லாம் கூட்டி முன்பக்கம் 500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வாட்கள் உங்கள் கேமுக்கு உதவாது.

இப்போது செலவுக் கணக்கு. 5600எக்ஸ் உச்சத்தில் 76 வாட். 3070 கார்டு 220 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 40, 50 வாட். மொத்தம் 340-ஐத் தொடுகிறது. வரவு 336, செலவு 340. இது சராசரிக் கணக்குதான். கார்டு சில மில்லி செகண்டுகளுக்கு 300 வாட்டைத் தாண்டித் துள்ளும். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்தத் துள்ளலைத் தாங்கும். விளிம்பில் ஓடுவது பூட்டிக்கொள்ளும். 1650 கார்டு வெறும் 75 வாட். அதனால்தான் மூன்று வருடம் சத்தமில்லாமல் ஓடியது. எஸ்எம்பிஎஸ் நேற்று கெட்டுப்போகவில்லை. கார்டின் சுமைதான் மூன்று மடங்கானது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மோலக்ஸ் அடாப்டர். ஒழுங்கான 8 பின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று கம்பிகள் உண்டு. 150 வாட் வரை, அதாவது 12.5 ஆம்பியர் போக அனுமதி. மோலக்ஸில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் கம்பி. அடாப்டரில் இரண்டு மோலக்ஸ் இருந்தாலும், இரண்டையும் ஒரே கேபிளில் தொடராகச் சொருகியிருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது அதே ஒரு கம்பிதான். பின் லேசாகத் தளர்ந்திருந்தால் அந்த இடம் கொதிக்கும், பிளாஸ்டிக் உருகும், சில சமயம் பற்றிக்கொள்ளும். இன்றே கழற்றுங்கள். கழற்றும்போது பின்னின் வெள்ளைப் பகுதி பழுப்பாகியிருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கேபிளை இனி எதற்கும் தொடவே வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

பழைய 1650 கார்டு அலமாரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மாட்டுங்கள். யுபிஎஸ்ஸைத் தள்ளிவைத்து நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகி, அதே கேமை இரண்டு மணி நேரம் ஆடுங்கள். பிராசஸர் அதே 84-ஐத் தொடும். அணையாவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அணைந்தால் என் கணிப்பு தவறு; அடுத்து ராம், மதர்போர்டு, சாக்கெட் என்று போக வேண்டும்.

இந்தச் சோதனையின்போது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சென்சார் பதிவை ஒரு நொடிக்கு ஒருமுறை கோப்பாக எழுத வையுங்கள். அணைந்தால் அந்தக் கோப்பின் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். 84, 84, 84 என்று சமமாக ஓடி அறுந்திருந்தால் மின்சாரம். 88, 92, 95 என்று ஏறி வேகம் சரிந்து அறுந்திருந்தால் சூடு. ஆனால் அதில் வரும் 12 வோல்ட் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். 12 வோல்ட் 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம்; 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மென்பொருளில் 10.8 என்று வந்தால் பெரும்பாலும் சென்சார் உளறுகிறது. உண்மையை அறிய மல்டிமீட்டர் வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து தூசி தட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் இருக்கும். வெளியிலிருந்து பிளோயர் காட்டுங்கள், ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு. அது போதும்.

எதை வாங்குவது

650 வாட் போதும். 750 வாட் கிடைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் எடுங்கள், அடுத்த கார்டுக்கும் ஆகும். கடையில் பெட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள்: 650 வாட்டில் 12 வோல்ட்டுக்கு 52, 54 ஆம்பியர் இருக்க வேண்டும். 8 பின் கேபிள்கள் தனித்தனியாக இரண்டு வர வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதை 220 வாட் கார்டுக்குப் போடாமல், இரண்டு கேபிளையும் தனியாகச் சொருகுங்கள். '80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' முத்திரைகள் எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கின்றன. பாதுகாப்புச் சுற்று நன்றாக இருக்கிறதா என்று அவை சொல்வதில்லை. அதற்கு உற்பத்தியாளர் தரும் வாரண்டி வருடமே ஓரளவு நம்பக்கூடிய அடையாளம்: 5 வருடத்துக்குக் கீழே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 (எஸ்எம்பிஎஸ்களுக்கான புதிய தரநிலை) என்று போட்டிருந்தால் கார்டின் துள்ளலைத் தாங்கும்படி வடிவமைத்தது என்று பொருள்.

எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றாதீர்கள். கார்டுப் பக்கத்து முனை எல்லோருக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். சொருகிக்கொள்ளும், ஆனால் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க்கைக் கருக்கிவிடும்.

அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: 750 வாட் என்பது கொடுக்க முடிந்த அளவு, எப்போதும் இழுக்கும் அளவு கிடையாது. பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினால் குளிக்கும் தண்ணீர் கூடாதது போல. உங்கள் கணினி கேமில் சுவரிலிருந்து 400 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 3 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டால் இது கொஞ்சம் குறையுமே தவிரக் கூடாது.

யுபிஎஸ் கதை தனி

நீங்கள் இரண்டு வேறு நோய்களை ஒன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். யுபிஎஸ் கத்தி மானிட்டரும் சேர்ந்து அணைந்தால் அது யுபிஎஸ்ஸின் வேலை. மானிட்டர் எரிந்துகொண்டு 'சிக்னல் இல்லை' என்று காட்டினால் அது கணினிக்குள் நடந்தது. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கணினி 400, மானிட்டர் 30. அது கத்தாமல் என்ன செய்யும்? குறைந்தது 1,000 அல்லது 1,100 விஏ வேண்டும், சைன் வேவ் வகையாக, அதாவது சுவர் மின்சாரம் போலச் சீரான அலை தருவதாக இருந்தால் நல்லது. புதுவகை எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவு யுபிஎஸ் தரும் படிக்கட்டு அலையைப் பிடிக்காமல் அணைந்துவிடும். இதை அவசரமாக வாங்க வேண்டாம். முதலில் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் அடுத்த மாதம். அதுவரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஆடாதீர்கள். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியை 16, 17 மில்லி செகண்டுக்கு மேல் எஸ்எம்பிஎஸ் தாங்கும் என்று நம்ப முடியாது.

ஜிவ்வென்று இழுப்பது

இதைக் கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டியது. எஸ்எம்பிஎஸ் கெட்டதால் ஷாக் அடிக்கிறது என்று நினைக்கிறீர்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் எர்த் இல்லாவிட்டால் இதே இழுப்பு இருக்கும். உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட் உடம்புக்கு இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் கம்பி இல்லாவிட்டால் அந்தக் கசிவு போக இடமில்லாமல் கேபினட்டில் 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்கு உண்மையான கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் இது போகாது.

எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 சுற்றி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட். ஃபேஸ்-எர்த் நிலையில்லாமல் ஆடினாலோ மிகக் குறைவாக வந்தாலோ சாக்கெட்டில் எர்த் இல்லை. முதலில் ஜங்ஷன் பாக்ஸையும், மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரையும் சந்தேகப்படுங்கள். பழைய வீடென்றால் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும்; இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே அளவு மாறுவதைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று போவது. மீட்டர் சரியான எண்ணைக் காட்டும், ஜிவ்வும் நிற்கும். ஒருநாள் நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வந்துவிடும்.

சூட்டுக்கும் கொஞ்சம் செய்யலாம்

அணைவதற்குக் காரணம் சூடில்லை என்றேன். அதனால் சூட்டை அப்படியே விட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வாங்கிய இரண்டு ஃபேன்களும் மேல்பக்கம் காற்றை வெளியே தள்ளுகின்றன. முன்பக்கமோ கண்ணாடி. உள்ளே வரக் காற்று எங்கிருந்து வரும்? ஒரு ஃபேனையாவது முன்பக்கம் மாற்றி உள்ளிழுக்க வையுங்கள். ஃபேனின் நடுவே மோட்டாரைத் தாங்கும் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பாருங்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விரலளவுகூட இல்லையென்றால், கோடை முடியும்வரை அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது எந்தக் கூலரையும்விட மலிவு.

பிராசஸருக்கு 2,000 ரூபாய் அளவில் நான்கு குழாய் உள்ள டவர் கூலர் போதும். 76 வாட் பிராசஸருக்கு லிக்விட் கூலர் அதிகம். பழைய கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓட்டி, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூக்களை விடுவித்து, கூலரை இடவலமாக லேசாகத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட்டோடு நேராக இழுத்தால் இந்த வகை சாக்கெட்டில் பிராசஸர் பின்னோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். புது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், நிறைய பேர் மறக்கிறார்கள்.

கார்டில் 'ஹாட் ஸ்பாட்' என்று இன்னொரு எண் வரும், அதன் சிப்பில் மிகச் சூடான புள்ளி. சாதாரண சூட்டைவிட 10, 15 டிகிரி கூட இருந்தால் பரவாயில்லை. 25-ஐத் தாண்டினால் உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கிறது. கார்டைத் திறக்கும் முன் விற்றவரிடம் ஒரிஜினல் பில் வாங்கி, வாரண்டி இன்னும் இருக்கிறதா, ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். திறக்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு: புது எஸ்எம்பிஎஸ் வந்த பிறகு ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகத்தையும் வோல்ட்டையும் மாற்றும் மென்பொருள்) கார்டை 0.9 வோல்ட்டில் 1,800 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான 3070-கள் தாங்கும். சில பத்து வாட்களும் சில டிகிரிகளும் குறையும், ஃபிரேம் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

கடைக்காரரிடம் பேசுவது

எஸ்எம்பிஎஸ்ஸை வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மையாகச் சொன்னால், அந்த வாதம் நிற்காது. அவர் விற்றது 1650-க்கு. அதற்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் லிக்விட் கூலரை அவர் வற்புறுத்தினால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதைப் போட்ட பிறகும் அணைந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? பில்லில் எழுதித் தருவீர்களா?' புது எஸ்எம்பிஎஸ் எங்கே வாங்கினாலும் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தாலோ, வாரண்டிக் காலத்தில் பழுதான பொருளை வாங்க மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் அணைந்தால், சென்சார் பதிவின் கடைசிப் பத்து வரிகளோடு மறுபடி எழுதுங்கள். அணைந்த நொடியில் மானிட்டர் எரிந்ததா, ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தனவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திரை மட்டும் கறுத்து ஃபேன்கள் முழு வேகத்தில் அலறினால், அடுத்து பார்க்க வேண்டியது நீங்கள் வாங்கிய அந்தச் செகண்ட் ஹேண்ட் கார்டைத்தான்.